ஊர் பார்க்காத கோல்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைத் தாண்டி, புது வீடுகள் எழும்பியிருக்கும் ஒரு தெருவின் முனையில் ‘தீபம் வாடகைப் பாத்திரக் கடை’ இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, கடைக்காரர் பரசுராமன் பெரிய பக்தர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பழைய ஊர்க்காரர்கள் அப்படி நினைப்பதில்லை. அவர்களுக்கு அவர் முப்பது வருஷமாகத் ‘தீபம் பரசு’. பாராட்டி வைத்த பெயர் அல்ல. எப்படியும் கூப்பிடத்தான் போகிறார்கள், பலகையில் நாமே எழுதிவிட்டால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும் என்று கடை திறந்தபோது அவரே எழுதச் சொன்னது.

கார்த்திகை பிறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. யாரோ காதுகுத்துக்கு எடுத்துப்போய் அடிபிடித்துத் திருப்பிக் கொண்டுவந்த சாம்பார் அண்டாவைப் பரசுராமன் கடை வாசலில் தேய்த்துக்கொண்டிருந்தார். மனைவி அருணாதேவி பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சாதாரண விஷயத்தை அவள் நின்றுகொண்டே சொல்லிவிடுவாள்.

மகள் கவிநிலாவுக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறது. காலேஜ் பஸ்ஸில் ஆரம்பித்த பழக்கம். இப்போது இவள் பள்ளிக்கூடத்தில் டீச்சர், அவன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கார் கம்பெனியில் இருக்கிறான். பெயர் மாறன். நம்ம ஆட்கள்தான், தன் பெரியம்மா வழியில் ஏதோ தூரத்துச் சொந்தம்கூட வருகிறது என்றாள் அருணாதேவி. பரசுராமன் தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார். வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை தேடி அலைவதில் பாதி மனிதர்கள் உடைந்துபோவதை அவர் தொழிலில் தினமும் பார்க்கிறார்.

“பையனோட அப்பா யாரு?”

“அடி அண்ணாமலைல புதுசா வூடு கட்டிக்கினு வந்திருக்காரு. ராணிப்பேட்டைல தோல் கம்பெனில இருந்து ரிடையர் ஆனவரு. அறிவுமதின்னு பேரு.”

தேங்காய் நார் அண்டாவுக்குள் அப்படியே நின்றது.

“கோலி அறிவுமதியா?”

“அதான் நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன்” என்றாள் அருணாதேவி.

அவள் போளூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். அந்தக் கால்பந்து மேட்ச் நடந்தபோது அவள் இந்த ஊரிலேயே இல்லை. ஆனால் கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே அவளுக்கும் அந்தக் கதை வந்து சேர்ந்துவிட்டது. காய்கறிக்காரரே சொன்னார்.

செஞ்சுடர் கால்பந்துக் கழகம் அந்தக் காலத்தில் ஊருக்குக் கிழக்கே ஒரு திறந்த மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கிழக்கில் ஒரு கோல், மேற்கில் ஒரு கோல். மேற்குக் கோலுக்குப் பின்னால் மலை நிற்கும் என்பதால் அதற்கு மலை கோல் என்று பெயர். டாஸ் ஜெயித்தால், இரண்டாம் பாதியில் மலை கோலை நோக்கி அடிக்கிறமாதிரி பக்கம் கேட்பது செஞ்சுடரின் வழக்கம். மலையைப் பார்த்து அடித்தால் பந்து தானாகப் போகும் என்று ஒரு நம்பிக்கை. ஜெயித்தால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவார்கள், அதுவும் வலமாக மட்டும். திண்டிவனத்தை ஜெயித்த சந்தோஷத்தில் ஒருவன் இடப்பக்கமாக ஓட ஆரம்பிக்க, அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள்.

பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் அந்த மைதானம் தற்காலிக பஸ் ஸ்டாண்டாகிவிடும். கூட்டம் கலைந்த மறுநாள் கிளப் ஆதரவாளர்கள் எல்லாம் இறங்கி இளநீர் ஓடு, கண்ணாடிச் சில்லு, அறுந்த செருப்பு எல்லாவற்றையும் பொறுக்கிக் கொட்டுவார்கள். பரசுராமன் அதற்கு முதல் ஆளாக வருவார். அவருக்கு ஆட வராது. ஓடினால் மூச்சு வாங்கும். ஆனால் தொண்டை இருந்தது. மைதானத்துச் சுற்றுச்சுவரின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, “அறிவு, லெஃப்ட்ல ஆளு வர்றான்”, “அறிவு, முன்னாடி வா” என்று அவர் கொடுக்கிற குரல் கோல் கம்பம் வரை கேட்கும். கோலி அறிவுமதியும் அந்தக் குரலுக்குத் தகுந்தபடி நகர்வான். ஆடாமலே ஆடுகிறமாதிரி ஒரு சுகம் அதில் இருந்தது.

அந்த வருஷம் தீபம் முடிந்த வாரத்தில் ஒரு கோப்பைக்கான இறுதி ஆட்டம். எதிரே அரக்கோணத்துக்காரர்கள். அவர்கள் வந்த வேன் வழியில் நின்றுவிட்டதால் ஆட்டம் தாமதமாகத்தான் தொடங்கியது. டாஸும் அவர்களுக்கு விழுந்தது. அதனால் இரண்டாம் பாதியில் செஞ்சுடரின் கோலி மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்படி ஆனது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது, விசில் ஊத இன்னும் கொஞ்ச நேரம்தான்.

தீபம் ஏற்றிய நாளோடு அணைந்துவிடுவதில்லை. அதற்கப்புறமும் பத்து நாள், மாலை ஆறு மணிக்கு மலை உச்சிக் கொப்பரையில் தீபம் ஏற்றுவார்கள். அந்த நேரத்தில் ஊரில் யார் எதைச் செய்துகொண்டிருந்தாலும் ஒரு நொடி நிறுத்திவிட்டு மலையைப் பார்ப்பார்கள். சுவரின் மேல் உயரமாக உட்கார்ந்திருந்ததால் பரசுராமன் கண்ணில்தான் அந்த ஜோதி முதலில் பட்டது. பழக்க தோஷத்தில் வாய் தானாகத் திறந்தது. “ஏ அறிவு, தீபம்!”

மைதானமே திரும்பியது. நாலு பக்கமும் அரோகரா சத்தம். செஞ்சுடர் ஆட்டக்காரர்கள் நின்ற இடத்திலேயே கையெடுத்தார்கள். அறிவுமதியும் திரும்பி, மலையைப் பார்த்துக் கும்பிட்டான். எல்லாரும் மறுபடி திரும்பிப் பார்த்தபோது பந்து வலைக்குள் கிடந்தது. அரக்கோணத்துப் பையன்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். வேலூரிலிருந்து வந்த நடுவர் நடுக்கோட்டைக் காட்டினார். அவருக்கும் அவர்களுக்கும் தவிர அந்தக் கோல் எப்படி விழுந்தது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

ஆனால் ஊரில் எல்லாரும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். மத்திய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் பாலாஜி அந்தப் பேச்சுக்குத் தலைவர். பந்து மேல் மூலையில் சுழன்று இறங்கியது என்பார். தரையோடு தரையாக ஒரு குழந்தை தவழ்வதுபோல உருண்டு போனது என்பார்கள் இன்னும் சிலர். எல்லாருமே அப்போது மலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். மைதானம் பிளாட் போட்டு விற்றுப்போய், செஞ்சுடர் கிளப்பும் கலைந்துவிட்டது. மிச்சமிருப்பது அந்த ஒரு கோல்தான். அதற்குப் பின்னால் ஒரு வால் வேறு வளர்ந்தது. அன்றைக்கே அறிவுமதி கையுறையைக் கழற்றி அய்யங்குளத்தில் வீசினான், ‘அந்தத் தீபத்தின் முகத்தில் முழிக்க மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு ஊரை விட்டே போனான் என்று. பாலாஜி தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்வார். பரசுராமனும் ஒருமுறை வேலூர் பஸ் ஸ்டாண்டில் அறிவுமதியைப் பார்த்தார். அவன் இவரை நேராகப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் ஏறிப் போனான். அதற்கப்புறம் அந்தக் கதையில் சந்தேகப்பட அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது அந்த மனிதனின் மகனுக்குத்தான் தன் மகளைக் கொடுக்க வேண்டும்.

இரவு சாப்பிடும்போது கவிநிலாவே பேச்சை எடுத்தாள். மாறனிடம் எல்லாம் சொல்லிவிட்டாளாம். அவன் சிரித்தானாம். பரசுராமனுக்குச் சோறு இறங்கவில்லை. பையன் சிரிப்பான், அப்பன் சிரிக்க வேண்டுமே. கோப்பை போனது பெரிதில்லை, ஊரை விட்டுப் போகவைத்தவனின் வீட்டில் எவன் பெண் எடுப்பான்?

“வேற யாராச்சும் சொல்லி வேணாம்னா பரவால்ல, கவி. என்னால வேணாம்னு ஆயிடுச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?”

“அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுப்பா” என்றாள் அவள். சொன்னாளே தவிர அவளும் தட்டில் கையை அளைந்துகொண்டுதான் இருந்தாள்.

பெண் பார்க்க வரும் நாளை மாறனின் அம்மா ரேணுகாம்பாள் போனில் சொன்னார். பையனுக்கு லீவு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமைதான். அந்த ஞாயிறு தீபம் முடிந்த மூன்றாம் நாள். மதியமே வந்துவிடுங்கள் என்று அருணாதேவி கெஞ்சாத குறையாகக் கேட்டாள். பையன் வந்து சேரவே நாலு ஆகிவிடும், அப்புறம் ஆறு வரைக்கும் ராகு காலம், ஆறு அடித்ததும் உங்கள் வாசலில் இருப்போம் என்று ரேணுகாம்பாள் முடித்துவிட்டார். போனை வைத்ததும் அருணாதேவி கணவனைப் பார்த்தாள். வருஷத்தில் எத்தனையோ நேரம் இருக்க, இந்த நேரமா கிடைத்தது?

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே பரசுராமன் ஒரு நிலையில் இல்லை. வாடகைக்கு விடுகிற நாற்காலிகளில் கறை இல்லாததாகப் பார்த்து எடுத்துக் கூடத்தில் போட்டார். அப்புறம் கடை வாசலில் நின்று பலகையைப் பார்த்தார். வீடு கடைக்கு மேலேயே இருந்தது. காரிலிருந்து இறங்குகிறவர் கண்ணில் முதலில் விழப்போவது அந்தப் பெயர்தான். ஏணி போட்டு ஏறி, ஒரு பந்தல் துணியை எடுத்துப் பலகையை முழுக்க மூடிக் கட்டினார்.

“இன்னாங்க இது, கடைக்குத் துக்கமா?” என்றாள் அருணாதேவி.

“தூசி.”

“சரி. அவங்க வந்தா நீங்க வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதோட வாயை மூடிக்கோங்க. மீதிய நான் பாத்துக்கறேன்.”

அவர் தலையாட்டினார். இந்த ஊரில் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று போளூர்க்காரிக்கு எப்படித் தெரியும்?

ஆறு மணிக்குக் கார் வந்து நின்றது. தெருவில் எல்லா வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்து தென்மேற்கே மலையைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். முதலில் மாறன் இறங்கினான். பின்கதவிலிருந்து ரேணுகாம்பாள் பூவும் பழமும் வைத்த தாம்பாளத்தோடு இறங்கினார். கடைசியாக, தலை நரைத்து, ஆனால் தோள் இன்னும் அகலமாக, அறிவுமதி இறங்கி நின்றார். மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பரசுராமனை நேருக்கு நேர் பார்த்தபடி.

“வாங்க” என்றார் பரசுராமன்.

அப்போதுதான் அறிவுமதியின் தோளுக்கு மேலே, உச்சியில் ஜோதி தெரிந்தது. பரசுராமன் வாயை இறுக மூடிக்கொண்டார். கும்பிட எழுந்த கைகள் பாதியில் நின்று, வயிற்றுக்கு நேராக எதையோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தன. அறிவுமதி அவர் முகத்தையே ஒரு கணம் பார்த்தார்.

“இன்னாங்க, ஏத்திட்டாங்களா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பி, சாவகாசமாகக் கும்பிட்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மாடிப்படி ஏறினார்.

கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். கவிநிலா காபி கொண்டுவந்தாள். ரேணுகாம்பாள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள், சனிக்கிழமை லீவு உண்டா என்றெல்லாம் விசாரித்தார். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அறிவுமதி மட்டும் காபியை ஆற்றியபடி எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

“கீழ கடைப் பலகைல துணி கட்டியிருக்கே” என்றார் அறிவுமதி. “பெயின்ட் அடிக்கிறீங்களா?”

அருணாதேவி வேகமாக ஆமாம் என்றாள். அதே நேரத்தில் பரசுராமன் இல்லை என்றார். அருணாதேவி கண்ணால் எச்சரித்ததை அவர் பார்த்தார், ஆனால் அதற்குமேல் அடக்கிவைக்க அவரால் முடியவில்லை.

“பலகைல தீபம்னு எழுதியிருக்கு. என் பட்டப்பேரு. அன்னிக்கு அரக்கோணம் மேட்ச்ல, செவுத்து மேலேருந்து கத்துனது நான்தாங்க.”

கவிநிலா தாம்பாளத்தில் இருந்த ஒரு ஆரஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எதைக் கத்துனீங்க?” என்றார் அறிவுமதி.

“தீபம்னு. அதைக் கேட்டுத்தானே நீங்க திரும்புனீங்க.”

“ஊரே கத்துச்சேங்க. அதுல உங்க குரலு எது, என் குரலு எது.”

“நான் உங்க பேரைச் சொல்லிக் கத்துனேன். ஏ அறிவுன்னு.”

அறிவுமதி டம்ளரைக் கீழே வைத்தார். சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் முன்னால் நகர்ந்து வந்தார். “அது நீங்களா? லெஃப்ட்ல ஆளு வர்றான்னு சொல்லுவீங்களே, அந்தக் குரலா?” மனைவி பக்கம் திரும்பி, “ரேணுகா, உன்கிட்ட சொல்லியிருக்கேன் பாரு. செவுத்து மேலேருந்து ஒருத்தர் குரல் குடுப்பாரு, பாதி கோலை அவருதான் தடுத்தாருன்னு” என்றார். பிறகு பரசுராமனிடம், “நான் அடி அண்ணாமலைலேருந்து சைக்கிள்ல வருவேன், ஆடிட்டு அப்படியே போயிடுவேன். அந்தக் குரலுக்கு மூஞ்சி எதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது.”

அப்படியானால் வேலூர் பஸ் ஸ்டாண்டில் அவர் கோபத்தில் முகத்தைத் திருப்பவில்லை. யாரோ ஒருவர் முறைத்துப் பார்க்கிறாரே என்று பஸ் ஏறிப் போயிருக்கிறார். பரசுராமனுக்கு அது விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

“ஊரை விட்டே போயிட்டீங்கன்னு சொன்னாங்களே” என்று அருணாதேவியே கேட்டுவிட்டாள்.

போனேன், வேலைக்குப் போனேன் என்றார் அவர். ராணிப்பேட்டையில் வேலை அந்த மேட்சுக்கு முன்பே கிடைத்திருந்தது. கடைசியாக ஒரு கோப்பையை ஆடிவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தார். கோப்பை போனதில் வருத்தம் உண்டு, ஒரு வாரமோ என்னவோ. அவர் நினைவில் நின்றது வேறு. அவர் அப்பா கருப்புச் சட்டைக்காரர், வீட்டில் சாமி படமே கிடையாது. அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது.

“கோல் போனதை எங்கப்பா கேக்கவே இல்ல. மைதானத்துல கையெடுத்துக் கும்பிட்டியாமே, அது நெசமான்னுதான் கேட்டாரு. எல்லாரும் திரும்புனாங்க, நானும் திரும்புனேன்னேன். எல்லாரும் கெணத்துல வுழுந்தா நீயும் வுழுவியான்னாரு. நான் ராணிப்பேட்டைக்கு பஸ் ஏறுற வரைக்கும் என்கிட்ட பேசல.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “நீங்க கத்தாம இருந்திருந்தாலும் திரும்பியிருப்பேங்க. மலை எரியும்போது பந்தை எவன் பாப்பான்?”

“அதான் இவரு இன்னிக்கும் கும்பிட்டுட்டு, யாராவது பாத்தாங்களான்னு ஒரு தடவ திரும்பிப் பாப்பாரு” என்றார் ரேணுகாம்பாள். “மாமனாரு போயி எத்தனையோ வருஷம் ஆச்சு.”

முதலில் மாறன் சிரித்தான். அதைப் பார்த்து கவிநிலா சிரித்தாள். பரசுராமனுக்கு இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. கையுறையை அய்யங்குளத்தில் வீசினீர்களாமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“கையுறையா? நமக்கு யாரு கையுறை குடுத்தா? வெறுங்கைலதானே புடிச்சேன்.” உள்ளங்கைகளை விரித்து நீட்டினார். சுண்டுவிரல் ஒன்று பழைய அடியில் கோணியிருந்தது. “செஞ்சுடர்ல பந்து வாங்கவே வழி கெடையாது.”

பரசுராமன் அந்தக் கைகளைப் பார்த்தார். உண்மைதான், எந்த மேட்சிலும் அறிவுமதி கையில் எதையும் மாட்டி அவர் பார்த்ததில்லை. சுவரின் மேல் உட்கார்ந்து எத்தனையோ ஆட்டங்களில் அந்த வெறுங்கைகளைப் பார்த்தவர், பாலாஜி சொன்னதும் கையுறையை நம்பிவிட்டார்.

ரேணுகாம்பாள் தாம்பாளத்திலிருந்து பூவை எடுத்துக் கவிநிலாவின் தலையில் வைத்தார். எங்களுக்குப் பூரண சம்மதம், தை மாசத்தில் நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அருணாதேவி சமையலறைக்குள் போனாள். ஏன் போனாள் என்று எல்லாருக்கும் தெரிந்ததால் யாரும் கூப்பிடவில்லை. திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள்.

“அந்தத் துணியை அவுத்துடுங்க சம்மந்தி” என்றார் அறிவுமதி, படி இறங்கும்போது. “கல்யாணத்துக்குப் பாத்திரம் எங்கன்னு கேட்டா நான் பேரைச் சொல்ல வேணாமா?”

அவர்கள் போனபின் பரசுராமன் ஏணியில் ஏறித் துணியை அவிழ்த்தார். உச்சியில் ஜோதி நின்று எரிந்துகொண்டிருந்தது. மனது இவ்வளவு லேசாக இருந்து எத்தனை காலமாயிற்று என்று அவருக்கே நினைவில்லை. கூடவே ஒரு சின்ன மனத்தாங்கலும் எட்டிப் பார்த்தது. இத்தனை வருஷம் இவ்வளவு பெரிய பழியைச் சுமந்திருக்கிறோம், அந்த ஆளுக்கு நாம் யாரென்றே தெரியாதாமே. ஏணியிலிருந்து இறங்குவதற்குள் அதுவும் போய்விட்டது.

மறுநாள் காலை பாலாஜியின் டீக்கடைக்குப் போனார். பூ வைத்துவிட்ட சேதி அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. பாலாஜி டீயை ஆற்றிக்கொண்டே, “இன்னா தீபம், கோலி மன்னிச்சிட்டானாமே?” என்றார்.

மன்னிக்க அங்கே ஒன்றுமே இல்லை என்று பரசுராமன் நடந்ததைச் சொன்னார். வேலை முன்பே கிடைத்துவிட்டது, கோபமே இல்லை, அப்புறம் கையுறை என்று ஒன்று இருந்ததே கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்ற இருவரும் பாலாஜியைப் பார்த்தார்கள். பாலாஜி அசரவில்லை.

“அவனுக்கு வயசாயிடுச்சு, மறந்துட்டான். பச்சைக் கலர் கையுறை. குளத்துல மெதந்துச்சு. நான் பாத்தேன்.”

“வெறுங்கையைக் காட்டுனாருய்யா.”

“வீசிட்டா வெறுங்கையாத்தான்யா இருக்கும்.”

பரசுராமன் பதில் சொல்ல வாயெடுத்தார். நேற்று வரைக்கும் அந்தக் கையுறை அவர் நெஞ்சின் மேல் கிடந்தது. இன்றைக்கு அது பாலாஜியுடையது, வைத்துக்கொள்ளட்டும். பெஞ்சில் இடம் பார்த்து உட்கார்ந்தார்.

“கல்யாணத்துக்கு வருவ இல்ல, அப்ப அவரையே கேட்டுக்கோ. முதல்ல ஒரு டீ குடு. சக்கரை ஜாஸ்தியா போடு, வூட்ல சொல்லிடாத.”